டைனமோக் கதை போதும், லாச்சியைத் திறவுங்கோ

எல்லா வீட்டிலும் அந்தக் கதை இருக்கிறது. 1990க்குப் பிறகு கரண்ட் இல்லை. வடக்குக்குக் கொண்டுவரக் கூடாத சாமான்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த கரண்டில் றேடியோ உயிர் பெற, வீடும் அயலும் சுற்றிக் குந்தியிருந்து பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் கேட்டார்கள். சுற்றுகிறவருக்குக் கை சோர்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் சோர்ந்துவிடும். கலியாண வீட்டிலும் இந்தக் கதை சொல்லப்படும், செத்த வீட்டிலும் சொல்லப்படும். லீவில் வந்து நிற்கிற மாமா கடைசியில் எங்களைப் பார்த்து, "உங்களுக்கு என்ன தெரியும், பட்டனை அமத்தினா எல்லாம் வருது" என்று முடிப்பார்.

சரி, எங்களுக்கு ஒண்டும் தெரியாது. அதனால்தான் கேட்கிறோம். சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். டைனமோ வயரை நேராகக் கொண்டுபோய் பற்றரிப் பெட்டிக்குள் செருவினால் செய்தி வராது, இரைச்சல்தான் வரும், சிலவேளை புகையும் வரும். இடையில் நாலு டயோட் வேண்டும், பெரிய கொண்டென்சர் ஒன்று வேண்டும். அந்த நாலு டயோட்டை எங்கே எடுத்தீர்கள்? எந்தக் கால் எந்தப் பக்கம் என்று சொன்னது யார்? இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஏழெட்டு வீட்டில் ஒரே பதில்தான் கிடைத்தது: "அது சந்தியில றேடியோ திருத்திற ஒராள் இருந்தவர், அவர் செய்து தந்தவர்." அவர் பெயர் பாதிப் பேருக்கு ஞாபகம் இல்லை. பெடல் சுற்றியவரின் பெயர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் கதையைச் சொல்லுகிறவரே அவர்தான்.

இந்தக் கட்டுரை அந்தத் திருத்துகிறவரின் லாச்சியைப் பற்றியது. அது இப்போது கிலோக் கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது.

நாங்கள் இதற்குள் வந்தது வேறு வழியால். வாய்மொழி வரலாற்றுப் பாடத்துக்காகப் போர்க்கால வானொலி கேட்டவர்களைச் சந்தித்துப் பதிவு செய்துகொண்டிருந்தோம். பதிவு செய்யச் செய்ய வெட்கமாக இருந்தது. ஆட்கள் சொல்லுகிறதில் முக்கால்வாசி எங்களுக்கு விளங்கவில்லை. கேங் என்கிறார்கள், ஐ.எஃப் கோயில் என்கிறார்கள், நாங்கள் தலையாட்டிவிட்டு வந்து இன்டர்நெற்றில் தேடுகிறோம். விளங்காத ஒன்றை எப்படி வரலாறு என்று எழுதுவது? அதனால் ஒரு றேடியோவை நாங்களே கட்டிப் பார்ப்போம் என்று தொடங்கினோம். கட்டுகிறதுதான் கட்டுகிறோம், எஃப்.எம். பாட்டுக்காக வேண்டாம், கடையில் ஆயிரம் கிடக்குது. தாழ் அதிர்வெண்ணில் விமானங்களுக்காக ஒலிக்கிற பீக்கன்களைக் கேட்கிற ஒரு பெட்டி கட்டுவோம் என்று முடிவெடுத்தோம்.

பீக்கன் என்றால் காதுக்கான வெளிச்சவீடு. விமான நிலையத்தில் நின்றுகொண்டு நாலா பக்கமும் ஒரே மாதிரி அலையை அனுப்பும். பெரும்பாலானவை 190 தொடக்கம் 535 கிலோஹேர்ட்ஸ் வரையான இடத்தில், அதாவது மத்திய அலைக்குக் கீழே இருக்கும். தன்னுடைய அடையாளமாக இரண்டு அல்லது மூன்று எழுத்துகளை மோர்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. விமானத்துக்குள் இருக்கிற கருவி அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து வழி காட்டும். ஜீ.பி.எஸ். வந்த பிறகு உலகம் முழுக்க இவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி வருகிறார்கள். "அதில பாட்டுப் போகுமோ?" என்று அம்மம்மா கேட்டா. போகாது. "நியூஸ்?" அதுவும் போகாது. "அப்ப என்னத்துக்கு?" இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கு இருக்காது, அதுக்குத்தான்.

இங்கேதான் சாமான் பிரச்சினை தொடங்கியது. ஐரோப்பாவில் விற்ற பழைய றேடியோக்களில் நெடு அலை என்று ஒரு பட்டை இருந்தது. அதன் சுருளைக் கழற்றினால் எங்கள் வேலை பாதி முடிந்துவிடும். ஆனால் எங்கள் பக்கத்தில் நெடு அலை ஒலிபரப்பு இருந்ததில்லை. அதனால் இங்கே விற்ற பெட்டிகளில் மத்திய அலையும் சிற்றலையும்தான். மத்திய அலைச் சுருள் ஏறத்தாழ 350 மைக்ரோஹென்றி இருக்கும். 500 பைக்கோஃபராட் கேங் ஒன்றோடு 200 கிலோஹேர்ட்ஸுக்கு இறங்க ஏறத்தாழ 1300 வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், சுற்றின் எண்ணிக்கையை இரட்டித்தால் தூண்டல் நாலு மடங்காகும். அதாவது அதே ஃபெரைட் கம்பியில் அதே மாதிரி இன்னொரு பங்கு சுற்றினால் சரி. இதை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் பொறியியலாளர் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்று நாற்பது வருடம் றேடியோ திருத்திய ஒரு ஐயா. "நாலு மடங்கு பிள்ளையள், இரண்டு மடங்கு இல்லை" என்று விரலை நீட்டிச் சொன்னார்.

அந்தக் கம்பி, அந்தக் கேங், மெல்லிய பல இழை முறுக்கிய செப்பு வயர். இந்த மூன்றுக்காக நாங்கள் அலைந்த அலைச்சலைத்தான் சொல்ல வந்தோம். அலைந்த இடமெல்லாம் கேட்ட பதில் ஒன்றுதான்: "உதெல்லாம் ஆர் இப்ப கேக்கினம்? ஓன்லைன்ல ஓடர் பண்ணுங்கோ."

ஓடரும் பண்ணிப் பார்த்தோம். முதலில், எங்களில் ஒருவரிடமும் வெளிநாட்டுக்குக் காசு கட்டக்கூடிய கார்ட் இல்லை. இரவல் கார்ட் ஒன்று பிடித்து, ஐம்பது ரூபாய்ச் சாமானுக்கு அதைவிடப் பல மடங்கு தபாற்கூலி கட்டி, கிழமைக்கணக்கில் காத்திருந்தோம். ஃபீல்ட் எஃபெக்ட் வகை ட்ரான்சிஸ்டர் பத்து வந்தது. மேலே ஜே 310 என்று அழகாக அச்சடித்திருந்தது. ஐயா சிரித்துவிட்டு மல்ரிமீற்றரை எடுத்தார். கேற்றையும் சோர்ஸையும் ஒன்றாகப் பிடித்து, ஒன்பது வோல்ற் கொடுத்து, ஓடுகிற கரண்டை அளந்தார். உண்மையான ஜே 310 என்றால் 24 தொடக்கம் 60 மில்லிஅம்பியர் ஓட வேண்டும். எங்களுடையதில் மூன்றில் அஞ்சாறு மில்லிஅம்பியர். மீதி ஏழில் ஒன்றுமே ஓடவில்லை. அவை வேறு ஏதோ மலிந்த ட்ரான்சிஸ்டர், பெயரை அழித்து மறு பெயர் போட்டது. நீண்ட கால் வைத்த இந்த வகைச் சாமான்களைப் பெரிய நிறுவனங்கள் செய்வதை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன. நிறுத்திய இடத்தில் கள்ளப் பெயர் வந்து குந்துகிறது. கையில் ஒரு மீற்றரும் அதை வாசிக்கத் தெரிந்த ஆளும் இல்லாவிட்டால், ஓன்லைன் என்பது காசு கொடுத்து ஏமாறுகிற வேறொரு வழி.

இன்னொன்றையும் "ஓடர் பண்ணுங்கோ" ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். 2022 மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. நாட்டிடம் எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கவே காசு இல்லை. அந்த மாதங்களில் ஊரில் பழுதான ஃபான், மோட்டார், ரீவி எல்லாம் எப்படி ஓடின? திருத்துகிறவர்கள் ஒன்றைக் கழற்றி மற்றதில் போட்டார்கள். அப்போது அவர்களிடம் வரிசையில் நின்ற நாங்கள், டொலர் கொஞ்சம் இறங்கினவுடன் "உதெல்லாம் ஆர் இப்ப கேக்கினம்" என்கிறோம்.

கொழும்புக்கும் போனோம். இரவு பஸ்ஸில் ஏறி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போய், விடியப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இறங்கினோம். ஃபோன் கவர், சார்ஜர், கமெரா, ஸ்பீக்கர், இன்னும் ஃபோன் கவர். உள்ளுக்குள்ளே இரண்டு மாடி ஏறினால் ரெசிஸ்டர், கொண்டென்சர் விற்கிற சின்னக் கடைகள் உண்டு. கொடுத்த பட்டியலில் பாதியை அங்கே எடுத்தோம், நியாயமான விலைக்கு, நல்ல சாமான். டி.ஏ 7642 என்கிற மூன்று கால் சில்லும் அங்கேதான் கிடைத்தது. 1970களில் இங்கிலாந்தில் ஃபெரான்டி செய்த இசட்.என் 414இன் வழி வந்த சில்லு அது, ஒன்றரை வோல்ற்றில் ஓடும், 150 கிலோஹேர்ட்ஸ் வரை இறங்கும். ஒரு பேனாப் பற்றரி போதும். கேங் என்று கேட்டபோது கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னதை எங்களில் ஒருவர் மொழிபெயர்த்தார்: அப்பா காலத்தில் இருந்தது, பழைய சாமானோடு போட்டுவிட்டோம். ஆக இது யாழ்ப்பாணத்து வியாதி மட்டும் இல்லை. (கடையில் எங்களில் இருந்த இரண்டு பெடியன்களைப் பார்த்து மட்டுமே விலை சொன்னார்கள். பட்டியலை எழுதியவளும் காசு வைத்திருந்தவளும் பக்கத்திலேயே நின்றார்கள். அதற்கு வேறு கட்டுரை எழுத வேண்டும்.)

இனி அந்த லாச்சி.

எங்களுக்குச் சொல்லித் தந்த ஐயாவுக்கு ஒரு தொழில் கூட்டாளி இருந்தார். பக்கத்து ஊரில் கடை வைத்திருந்து காலமானவர். "அவன்ர லாச்சியில இல்லாத சாமான் இல்லை, கேட்டுப் பாருங்கோ" என்று அனுப்பினார். நாங்கள் போனது ஒரு புதன்கிழமை. வீட்டைப் பூட்டித் திருத்தி வாடகைக்கு விட வெளிநாட்டிலிருந்து மகன் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை பழைய இரும்பு லொறி வந்து போய்விட்டது. கடையறை கழுவிக் காய்ந்துகொண்டிருந்தது. சுவரில் லாச்சிகள் இருந்த அடையாளம், நிறம் வேறாக, வரிசை வரிசையாகத் தெரிந்தது. அயல்வீட்டு அக்கா சொன்னா, ஹோர்லிக்ஸ் போத்தல் மட்டும் அறுபது எழுபது இருந்ததாம், ஒவ்வொன்றிலும் கையெழுத்தில் துண்டு ஒட்டி. போத்தலில் இருந்ததை எல்லாம் ஒரு சாக்கில் கொட்டி நிறுத்தார்களாம். போத்தலுக்கு வேறு விலையாம்.

இரும்புக்காரரின் வளவைத் தேடிப் போனோம். அந்த மனுசனில் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர்தான் அண்டைக்கு எங்களோடு இருந்து இரண்டு மணித்தியாலம் சாக்கைக் கிண்டினவர். மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று தலைக்கு நிறம் பூசிய குட்டி ஐ.எஃப் கோயில்கள் தார் மாதிரி எண்ணெய்க்குள் கிடந்தன. கேங் ஒன்று கிடைத்தது, தகடுகள் ஒன்றோடொன்று முட்டி மடிந்திருந்தது. ஃபெரைட் கம்பி இரண்டு துண்டாக உடைந்து கிடைத்தது. சாக்கில் போடும்போது உடைந்திருக்க வேண்டும், அது கண்ணாடி மாதிரி. எல்லாமாகக் கொஞ்சக் காசு கொடுத்து அள்ளி வந்தோம். துண்டு ஒட்டிய பேப்பர்கள் ஒன்றும் கிடைக்கவில்லை. நாற்பது வருடமாக ஒரு ஆள் தரம் பிரித்து, அளந்து, எழுதி வைத்தது. சாமானைவிட அந்தத் தரம் பிரிப்புத்தான் பெறுமதி. சாக்கில் கொட்டின அந்த நிமிடத்தில் அது இல்லாமல் போய்விட்டது.

கொஞ்சம் கடுமையாகச் சொல்லப் போகிறோம். 1981இல் நூலகத்தை எரித்தவர்களை வருடா வருடம் நினைவுகூருகிறோம். கூரத்தான் வேண்டும். அந்தக் குற்றத்தோடு இதை ஒப்பிடவில்லை. ஆனால் இந்த லாச்சியை ஒருவரும் வந்து எரிக்கவில்லை. நாங்களே தராசில் ஏற்றி, மீதிக் காசை எண்ணி வாங்கினோம். புத்தகம் என்றால் ஸ்கான் பண்ணி இணையத்தில் ஏற்ற இன்றைக்கு ஆட்கள் இருக்கிறார்கள், நல்ல வேலை செய்கிறார்கள். கையெழுத்துத் துண்டு ஒட்டிய ஹோர்லிக்ஸ் போத்தலை அறிவு என்று எண்ணுகிற பழக்கம் எங்கள் சமூகத்துக்கு இல்லை. எங்களுக்கு அறிவு என்றால் அச்சில் வர வேண்டும், இல்லையென்றால் சான்றிதழோடு வர வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. பழைய வால்வ் றேடியோவுக்கு இப்போது திடீரென மவுசு. கோப்பிக் கடையிலும் விடுதியிலும் அலங்காரத்துக்கு வைக்கிறார்கள். அப்படி ஒரு இடத்தில் அழகான மரப்பெட்டி ஒன்றைப் பார்த்து, பின்னால் எட்டிப் பார்த்தோம். உள்ளே ஒன்றும் இல்லை. சேசிஸைக் கழற்றி எறிந்துவிட்டு மஞ்சள் எல்.ஈ.டி. பல்ப் ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். பழைய காலம் மணக்க வேண்டும், ஆனால் வேலை செய்யக் கூடாது. டைனமோக் கதையும் இதே பெட்டிதான். வெளியே மினுங்குகிறது, உள்ளே நாலு டயோட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

எங்களுக்கும் ஒரு குட்டு உண்டு. முதல் மாதத்தில், ஃபெரைட் கம்பிக்கு ஆசைப்பட்டு, பாடிக்கொண்டிருந்த ஒரு பழைய ட்ரான்சிஸ்டர் றேடியோவைக் கழற்றிவிட்டோம். ஐயா மூன்று நாள் எங்களோடு கதைக்கவில்லை. திருத்தக்கூடியதைக் கழற்றுவது பாவம் என்பது அவருடைய சட்டம். செத்த பெட்டியிலிருந்து மட்டும் எடு. அதை ஏற்றுக்கொண்ட பிறகு எங்கள் தேடல் மாறியது. றேடியோவை விட்டுவிட்டு வேறு குப்பைகளைப் பார்க்கத் தொடங்கினோம். பழுதான இண்டக்ஷன் அடுப்பின் அடியில் இருக்கிற தட்டைச் சுருள் பல இழை வயர்தான். எரிவாயு இல்லாத காலத்தில் வாங்கி இரண்டு வருடத்தில் செத்த அடுப்புகள் ஊரெல்லாம் கிடக்கின்றன. (சிலதில் செம்பு இல்லை, அலுமினியம். சுரண்டிப் பாருங்கோ.) ரீவி ரிமோட்டுக்குள் 455 கிலோஹேர்ட்ஸ் செரமிக் ரெசொனேற்றர் இருக்கும், ஐ.எஃப் பகுதியைச் சரி பார்க்கிறதுக்கு அதைவிட மலிந்த சாமான் இல்லை. எரிந்த சீ.எஃப்.எல். பல்ப் ஒவ்வொன்றிலும் குட்டி ஃபெரைட் வளையம் ஒன்று இருக்கும். கண்ணாடிக் குழாயை மட்டும் உடைக்காதேங்கோ, உள்ளே பாதரசம். கரண்டில் ஓடிய எந்தச் சாமானையும் கழற்ற முன் பெரிய கொண்டென்சரை வெறுமையாக்குங்கோ, 300 வோல்ற் உள்ளே காத்துக்கொண்டிருக்கும். எங்களில் ஒருவருக்கு முழங்கை வரை தெரியும்.

இப்போது சிலர் கேட்பார்கள், கேட்டும் இருக்கிறார்கள்: "கலைப்பீடப் பிள்ளையளுக்கு ஏன் உந்த வேலை?" ஓ.எல். முடிந்த கையோடு பிள்ளைகளைப் பிரிக்கிறோம். கணிதம், உயிரியல், வர்த்தகம், தொழில்நுட்பம், மிச்சம் கலை. அந்த "மிச்சம்" என்ற சொல்லை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, ஆனால் ரியூசன் வாசலிலேயே விளங்கும். அதன் பிறகு கலைப் பிள்ளை மல்ரிமீற்றரைத் தொட்டால் பகிடி, பொறியியல் பிள்ளை கவிதை எழுதினால் கைதட்டல். எட்வர்ட் ஹாப்பர் 1923இல் கொழும்பில் முதல் பரீட்சார்த்த ஒலிபரப்பைச் செய்தபோது என்னத்தை வைத்துச் செய்தார் தெரியுமா? பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றிலிருந்து கழற்றிய றேடியோச் சாமான்களை வைத்து, தந்தி அலுவலகத்தின் சின்ன அறை ஒன்றில் கிராமஃபோன் இசையை ஒலிபரப்பினார். ஆசியாவின் பழைய வானொலிகளில் ஒன்று என்று நாங்கள் பெருமைப்படுகிற இலங்கை வானொலியின் தொடக்கம், வேறொன்றுக்குச் செய்த சாமானைக் கழற்றி மறுபடி பூட்டிய வேலை. இது வரலாற்றுப் பாடம் இல்லையா? அப்படியானால் இது எங்கள் பாடம்.

வயர் விசயத்தையும் சொல்லாமல் விட முடியாது. தாழ் அதிர்வெண்ணுக்கு நீட்டு வயர் ஒன்று நல்லது என்று, வளவில் இரண்டு பனைக்கு நடுவில் முப்பது மீற்றர் கட்டினோம். மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். சீருடை இல்லை. யார் என்று சொல்லவும் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார்கள்: என்ன வயர், யார் கட்டியது, எந்தப் பீடம், மற்றப் பிள்ளைகள் யார். போய்விட்டார்கள், அதன் பிறகு வரவும் இல்லை. அன்று இரவே அம்மா கத்தியோடு போய் வயரை அறுத்தா. அம்மாவோடு நாங்கள் வாதாடவில்லை. 1979இல் தற்காலிகம் என்று வந்து, 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், தமிழ்ப் பெடியனின் கையில் இருந்த வயருக்கும் பற்றரிக்கும் என்ன அர்த்தம் கொடுக்கப்பட்டது என்று அவவுக்குத் தெரியும். டைனமோக் கதை சொல்லுகிறவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கெட்டித்தனம் ஆசையில் வந்ததில்லை, பற்றரியைத் தடை செய்ததால் வந்தது. தடையைப் புகழ்ந்து பாடாதேங்கோ. அதே நேரம், தடை போன பிறகும் பிள்ளை வயரைத் தொடப் பயப்படுகிறது என்றால், கைவேலை செத்ததற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை. பட்டனை அமத்துகிற தலைமுறை என்று எங்களைத் திட்டுகிற மாமாமார் இதையும் கணக்கில் எடுக்கட்டும்.

வயர் போனது ஒரு விதத்தில் நல்லது. உடைந்த ஃபெரைட் கம்பியைச் சுப்பர்குளூ போட்டு ஒட்டி, அடுப்பு வயரைச் சுற்றினோம். கம்பி அன்ரெனாவுக்கு மரமும் வேண்டாம், வேலியும் வேண்டாம், மடியில் வைத்துக் கேட்கலாம். தாழ் அதிர்வெண்ணில் சுருளுக்கு ஒரு சலுகை உண்டு: அதே தரமான சுருள் 1000 கிலோஹேர்ட்ஸில் 10 கிலோஹேர்ட்ஸ் அகலத்துக்குப் பிடித்தால், 300இல் மூன்று அளவுக்குத்தான் பிடிக்கும். அதனால் மூன்று கால் சில்லு ஒன்றோடேயே பக்கத்து நிலையங்களைப் பிரிக்கலாம். மடிந்த கேங் தகடுகளை ஐயா சவர அலகால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். ஒரு பின்னேரம் முழுக்க.

பூட்டினோம். கேட்டது சார்ஜர். எல்.ஈ.டி. பல்ப். பக்கத்து வீட்டு வைஃபை பெட்டியின் அடப்டர். மத்திய அலை நிலையம் ஒன்று வேறு எங்கும் இடமில்லாத மாதிரி உள்ளே புகுந்து கதைத்தது. கிழமைக்கணக்கில் அதே இரைச்சல்தான்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு ஒன்று செய்த வேலை என்று அமைச்சர் சொன்னார், நாடே சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினோம். இரைச்சல் முழுக்க வடிந்திருந்தது. கேங்கை மெல்லத் திருப்ப, ஒரு இடத்தில் மெல்லிய ஒரு சத்தம், புள்ளியும் கோடுமாக, நின்று, திரும்ப அதே. பரீட்சைப் பேப்பரின் பின்பக்கத்தில் எழுதினோம். ஐந்து பேருக்கு மூன்று விதமான எழுத்து வந்தது. கம்பியைத் திருப்பினால் சத்தம் குறைந்து ஒரு திசையில் இல்லாமல் போனது. பெட்டிக்குள் கேட்கிற சத்தம் இல்லை, வெளியில் ஓர் இடத்திலிருந்து வருகிற அலைதான் என்று அதில்தான் நம்பினோம். ஐயாவுக்கு ஃபோன் எடுத்தால் ரவரும் செத்திருந்தது. சைக்கிளில் போய்க் கூட்டி வந்தோம். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கேங் இன்னும் ஒரு தகடு முட்டுது" என்றார்.

ஐயாவுக்கு எழுபத்தாறு வயது. அவருக்கும் லாச்சி இருக்கிறது, நாற்பத்தெட்டு. நாங்கள் ஒவ்வொரு சனியும் போய் ஒவ்வொன்றாகத் திறந்து, படம் எடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறோம். இதுவரை பதினொன்று முடிந்திருக்கிறது. உங்கள் ஊர்ச் சந்தியிலும் ஒராள் இருப்பார். இல்லையென்றால் அவருடைய மனைவியோ மகளோ இருப்பா, லொறி வருகிற நாளை எண்ணிக்கொண்டு. லொறிக்கு முதல் நீங்கள் போங்கோ. சாமான் தேவையில்லை என்றாலும் போங்கோ, ஒரு ஃபோனும் கொப்பியும் போதும். போத்தலைக் கொட்ட முதல் துண்டை வாசியுங்கோ. வெளிநாட்டிலிருந்து வீட்டைத் துப்பரவாக்கச் சொல்லுகிற பிள்ளைகளே, அப்பாவின் கடையறையை மட்டும் ஒரு மாதம் பூட்டி வையுங்கோ, வாடகை ஒரு மாதம் பிந்தினால் ஒன்றும் குடி முழுகாது. எங்களுக்கு இப்போது தேவை 500 பைக்கோ ஏர் கேங் ஒன்று, தகடு முட்டாதது. உடையாத ஃபெரைட் கம்பி ஒன்று, 15 சென்ரிமீற்றருக்குக் குறையாமல். செத்த பெட்டியிலிருந்து மட்டும்.